தொட்டிக்கடியில் ஈரம்

காலை ஆறு மணிக்கு ஞானாபரணம் ஹாலில் குப்புறப் படுத்துக் கிடந்தார். வலது கன்னம் சிவப்புக் காவித் தரையில் ஒட்டியிருந்தது. கையில் டார்ச் லைட். மூன்றடி நீள மீன் தொட்டியைத் தாங்கி நின்ற இரும்பு ஸ்டாண்டுக்கு அடியில் வெளிச்சம் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

காபி டம்ளரோடு வந்த அவர் மனைவி சாராள், நீட்டிக் கிடந்த கால்களைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"ஏனுங்க, ஜெபம் பண்றீங்களா, ஒழுகல் பாக்கறீங்களா?"

"இன்னிக்கும் ஈரம் இருக்குது சாரா."

இருந்தது. சுவரோரமாக, ஸ்டாண்டின் பின்கால் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். மீன் வாடை அடிக்கிற மாதிரியும் இருந்தது, அடிக்காத மாதிரியும் இருந்தது.

வேறு யார் வீட்டில் இப்படி ஒழுகியிருந்தாலும் அது ஒரு சின்ன விஷயம். ஆனால் ஞானாபரணம் கணபதி பகுதியில் ஒரு பம்ப் செட் கம்பெனியில் ஃபைனல் டெஸ்டிங் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய வேலையே ஒழுகல் பார்ப்பதுதான். பம்பைத் தண்ணீர் அழுத்தத்தில் வைத்து, எங்காவது பொட்டுத் தண்ணீர் கசிந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். 'ஞானம் சார் பாஸ் பண்ணுன பம்பு வேர்க்கக்கூட வேர்க்காது' என்று கம்பெனியில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் சொந்தக் கையால் பைப் போட்ட தொட்டி ஒழுகுகிறது.

தொட்டி வந்ததே டாக்டரால்தான். ரத்த அழுத்தம் கூடுகிறது, உப்பைக் குறையுங்கள், கோபத்தைக் குறையுங்கள், காலையும் மாலையும் அரை மணி நேரம் மீன்களைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார். உக்கடத்தில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் அப்துல் கையூமிடம் தொட்டியும் நாலு ஏஞ்சல் மீனும் ஒரு ஆஸ்கர் மீனும் வாங்கி வந்தார் ஞானாபரணம். கடையில் கொடுத்த ஃபில்டர் அவருக்குப் பிடிக்கவில்லை. அவரே டிசைன் போட்டார். தொட்டியிலிருந்து அரை அங்குல பிவிசி பைப் ஒன்று கீழே இறங்கும். ஸ்டாண்டுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் டப்பில் ஜல்லியும் பஞ்சும் தண்ணீரை வடிகட்டும். குட்டி மோட்டார் ஒன்று அதை வேறொரு பைப் வழியாக மேலே ஏற்றும். மொத்தம் ஒன்பது ஜாயிண்ட். சாராள்கூட முதல் நாள் அதைப் பார்த்து, "சிறுவாணிக் குடிதண்ணித் திட்டம் மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஏப்ரலில் ஆரம்பித்தது இந்த ஈரம்.

ஈரத்தைவிடப் பெரிய கவலை கீழே இருந்தது. இவர்கள் குடியிருந்தது மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் அரங்கசாமி. மில்லில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, அடக்கமான குரல். வீடு கொடுக்கும்போது, "ஒரு ஆணி அடிக்கறதுன்னாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அடிங்க" என்றுதான் சாவியைக் கையில் வைத்தார். கம்பெனிக்கும், சாராள் தையல் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு கிடைப்பதற்குள் ஞானாபரணத்துக்கு ஒரு ஜோடி செருப்பு தேய்ந்திருந்தது. தளத்தில் தண்ணீர் இறங்கி அரங்கசாமியின் தலையில் ஒரு சொட்டு விழுந்தால், அடுத்த ஜோடி செருப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதுதான்.

"அஞ்சே நிமிசம் சாரா. டேப் சுத்தி ஒரு முறுக்கு முறுக்கினாச் சரியாப் போகும்."

பைப் ரெஞ்சை எடுத்தார். சுவரோரம் பைப் வளையும் இடத்தில் இருந்த எல்போ ஜாயிண்டைக் கழற்றி வெள்ளை டேப்பைச் சுற்றினார். ஒரு முறுக்கு முறுக்கினார். அது போதும்தான். ஆனால் கம்பெனியில் வார்ப்பிரும்பை முறுக்கிப் பழகிய கை, பிளாஸ்டிக்கையும் இன்னொரு முறுக்கு முறுக்கியது.

'டிக்' என்று ஒரு சத்தம்.

அதுவரை உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ஈரம், சாராள் வாளி கொண்டுவருவதற்குள் சோபாவின் கால்வரை வந்துவிட்டது.

மத்தியானம் லீவு போட்டுவிட்டுப் புது எல்போ வாங்கி மாட்டினார். இந்தத் தடவை சுற்றிலும் பசையைப் பிசைந்து, கொழுக்கட்டை மாதிரி அப்பிவைத்தார். அதோடு நிறுத்தாமல், இருக்கிற ஒன்பது ஜாயிண்டுக்கும் அப்பினார். மறுநாள் காலையில் தரை காய்ந்து கிடந்தது. அதற்கு மறுநாளும் காய்ந்திருந்தது. ஞானாபரணம் விசிலடித்துக்கொண்டே சவரம் செய்தார்.

மூன்றாம் நாள் காலையில் அதே இடத்தில் அதே ஈரம்.

அன்றிலிருந்து அவர் சாக்பீஸை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஈரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். சில நாள் ஈரம் இருந்தது. சில நாள் இல்லை. ஒரு வாரத்தில் ஹால் மூலை, ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் வட்டமாய், போலீஸ்காரர்கள் வந்துபோன இடம் மாதிரி ஆகிவிட்டது. தொட்டிக் கண்ணாடியிலும் தண்ணீர் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டார். அது ஒவ்வொரு நாளும் அரை விரல்கடை குறைந்தது. ஈரம் இல்லாத நாளிலும் குறைந்தது.

"தண்ணி கொறையுது. ஆனா தரை காஞ்சிருக்குது. அப்பறம் தரை ஈரமாகுது. அன்னிக்கும் அதே அளவுதான் கொறையுது." கம்பெனியில் மதியச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்ததை இரண்டு பேர் பார்த்தார்கள்.

சனிக்கிழமை அப்துல் கையூம் தன் மொபெட்டில் வந்தார். கையூமுக்குச் சின்ன வயதிலிருந்தே மீன்தான் உலகம். மனிதர்களிடம் பேசும்போதும் கண் தொட்டியில்தான் இருக்கும்.

"ஜாயிண்ட் எல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க சார். இதுல எங்கீங்க ஒழுகும்?"

"பின்ன தண்ணி எப்படி பாய் கொறையுது?"

கையூம் அண்ணாந்து பார்த்தார். தொட்டிக்கு நேர் மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"காத்தாடிக்கு அடியில வெச்சா, அதுவும் இந்த வெய்யில்ல, தண்ணி கொறையத்தானுங்க செய்யும். ஆவியாப் போகுது."

"ஆவியாப் போறது மேல போகும் பாய். தரையில எப்படி வரும்?"

கையூம் பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் உயிர்ப்புழுவை எடுத்து ஆஸ்கருக்குப் போட்டார். ஆஸ்கர் என்பது கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் தீற்றல்களோடு கையகலம் வளர்ந்துவிட்ட மீன். சாராள் அதற்குப் 'பெரியவரு' என்று பேர் வைத்திருந்தாள். ஆரம்பத்தில், "இந்த மூஞ்சியை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?" என்று கேட்டவள் அவள்தான். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு வந்து விரலை நீட்டுவாள். பெரியவர் வந்து விரல் நுனியை மெல்லக் கவ்விப் பார்த்துவிட்டுப் போவார். மகளுக்குத் திருமணம் செய்துவைத்துத் திருச்சிக்கு அனுப்பிய பிறகு, அந்த வீட்டில் அவள் வந்தால் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பது அந்த மீன் ஒன்றுதான்.

திங்கட்கிழமை டாக்டர் அழுத்தம் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"கூடியிருக்குதே. மீன் பாக்கறீங்களா?"

"பாக்கறேனுங்க டாக்டர். காலையில ஆறு மணிக்கே ஆரம்பிச்சர்றேன்."

"இன்னும் கொஞ்சம் கூடப் பாருங்க."

ஞானாபரணத்துக்கு அன்று ராத்திரி ஒரு யோசனை உதித்தது. கம்பெனியில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கத் தண்ணீரில் சாயம் கலப்பார்கள். சாயம் எங்கே வெளியே வருகிறதோ அங்கேதான் கோளாறு. சமையலறையில் கேசரிப் பவுடர் இருந்தது. மீனுக்கு ஒன்றும் ஆகாத அளவு என்று அவரே தீர்மானித்துக்கொண்ட அளவை மறுநாள் சாயங்காலம் தொட்டியில் கரைத்தார்.

சாராள் வந்து பார்த்தபோது தொட்டி முழுக்க ஃபேன்டா நிறத்தில் இருந்தது. பெரியவர் அதற்குள்ளிருந்து, கல்யாணப் பந்தியில் இடம் தெரியாமல் நிற்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தப் பண்ணிப்போட்டீங்க?"

"காலைக்குள்ள எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சுரும் பாரு. அந்த எடம் செவசெவன்னு இருக்கும்."

காலையில் ஈரம் இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிசாகவே இருந்தது. ஞானாபரணம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து ஒற்றி எடுத்தார்.

கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

ஞானாபரணம் அதைத் திருப்பியும் பார்த்தார்.

"அப்ப இது வேற தண்ணியா இருக்குமோ?" என்றாள் சாராள்.

ஞானாபரணம் சிரித்தார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் சிரிக்கிற சிரிப்பு. "சயின்ஸ் தெரியாமப் பேசாத சாரா. மயிரிழை விரிசல்ல தண்ணி மட்டுந்தான் வரும். சாயம் உள்ளயே தங்கிப்போகும். நம்ம ஃபில்டர் பஞ்சு எதுக்கு இருக்குது?"

"பஞ்சு டப்புலதானுங்க இருக்குது. தொட்டியும் டப்பும் ஆரஞ்சாத்தான இருக்குது."

"அதான் சொல்றேன். விரிசல் அவ்வளவு சின்னது."

அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே முழுசாக விளங்கவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் மனசுக்குச் சமாதானமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் தொண்டையைச் செருமும் சத்தம். அரங்கசாமி.

ஞானாபரணம் ஒரே எட்டில் போய் ஈரத்தின்மேல் இரண்டு காலையும் வைத்து நின்றுகொண்டார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க."

"இல்லீங்க, சும்மாத்தான் வந்தனுங்க. ஊட்டுல எல்லாம் சௌகரியமா இருக்குதுங்களா? தண்ணி கிண்ணியெல்லாம்?"

"தண்ணியா? தண்ணியெல்லாம் எங்கயும் இல்லீங்க. அதாவது, வருதுங்க. நல்லாவே வருதுங்க."

அரங்கசாமி தலையாட்டினார். கண் மெதுவாக ஹாலைச் சுற்றி வந்து தொட்டியில் நின்றது.

"மீனுக்கு மஞ்சக் காமாலைங்களா?"

"மருந்து போட்டிருக்கறமுங்க," என்றாள் சாராள் சட்டென்று.

அரங்கசாமி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஞானாபரணம் எதற்காக மூலையில், சுவரோடு ஒட்டி, காவல்காரர் மாதிரி நிற்கிறார் என்றும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், "ஏதாச்சும் கொறைன்னா சொல்லுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

"கண்டுபிடிச்சுட்டாரு," என்றார் ஞானாபரணம், படியில் காலடிச் சத்தம் ஓய்ந்ததும். அவருடைய சாக்ஸ் நனைந்திருந்தது. "நாமளா சொல்லட்டும்னு பாக்கறாரு. மில்லுல ஃபோர்மேனா இருந்தவரு. ஆளை எப்படிப் பேச வெக்கறதுன்னு தெரியும்."

"பேசாமச் சொல்லிப்போடலாமுங்க. முத்தாத்தாக்கா இருந்தாலாவது பக்குவமாச் சொல்லலாம்."

முத்தாத்தாள் அரங்கசாமியின் மனைவி. மகளின் பிரசவத்துக்காக மேட்டுப்பாளையம் போய் இரண்டு மாதமாகிவிட்டது.

"சொன்னா அடுத்த மாசம் வேற ஊடு பாக்கணும். ஒழுகலை நிறுத்திப்போட்டு அப்பறம் சொல்லலாம்."

பைப்பில் கோளாறு இல்லை என்றால் கண்ணாடி ஒட்டிய இடத்தில்தான் இருக்க வேண்டும். ஞானாபரணம் தொட்டியை முழுக்கக் காலி செய்தார். மீன்கள் குளியலறையில் இருந்த பெரிய பிளாஸ்டிக் டிரம்முக்குப் போயின. குளிக்கும்போது பெரியவர் டிரம்மின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்ப்பதாகச் சொல்லி, சாராள் டிரம்மின்மேல் துண்டைப் போட்டுவிட்டுக் குளித்தாள். ஞானாபரணம் தொட்டியின் நாலு மூலையிலும் பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசாகப் பூசினார். அது காய இரண்டு நாளாகும். வீடு முழுக்க ஊறுகாய் ஜாடி உடைந்த மாதிரி புளிப்பு வாடை.

அந்த இரண்டு நாளும் தரை காய்ந்து கிடந்தது.

"பாத்தியா? தொட்டியில தண்ணி இல்ல. ஈரமும் இல்ல. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றார் ஞானாபரணம். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் தெளிவு வந்திருந்தது.

மூன்றாம் நாள் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தது. கீழே அரங்கசாமி மோட்டார் போட்டு மேல் டேங்கை நிரப்பினார். ஞானாபரணமும் குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பி, தண்ணீரைப் பக்குவப்படுத்தி, சாயங்காலம் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்.

காலையில் ஈரம்.

அவர் தரையில் படுக்கவில்லை. டார்ச்சும் எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தார். முப்பது பம்பை வரிசையாக நிறுத்தி, எது ஒழுகும் என்று ஓசையை வைத்தே சொல்லிவிடுகிறவர். இப்போது கம்பெனியில் ஒவ்வொரு பம்புக்கு முன்னாலும் இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றார். பாஸ் செய்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை பம்பு ஒழுக ஒழுகப் போயிருக்குமோ என்ற எண்ணம் வந்துவிட்டது. அதுதான் அவரை அரித்தது.

அடுத்த வாரம் அரங்கசாமி மறுபடி வந்தார். படியில் காலடி கேட்டதும் சாராள் பவானி ஜமுக்காளத்தை எடுத்து மூலையில் விரித்துவிட்டாள். அன்று ஈரம் ஜமுக்காளத்தில் பாதி அளவுக்கு இருந்தது.

"உக்காருங்க," என்று ஞானாபரணம் நாற்காலியைக் காட்டினார்.

"நாற்காலியெல்லாம் எதுக்குங்க. மீனைக் கிட்ட இருந்து பாக்கறதுதானுங்க அழகு."

சொல்லிக்கொண்டே அரங்கசாமி நேராக மூலைக்குப் போய், ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஞானாபரணமும் சாராளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அரங்கசாமி பெரியவரைப் பார்த்தார். பெரியவர் அரங்கசாமியைப் பார்த்தார். அப்படியே ஒரு முழு நிமிஷம் போனது. அரங்கசாமி ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பிறகு மறுபக்கமாகச் சாய்ந்தார். பிறகு அசையாமல் உட்கார்ந்தார்.

"வெய்ய காலத்துக்கு இந்த எடம் நல்லாக் குளுகுளுன்னு இருக்குதுங்க," என்றார் கடைசியில்.

"ஆமாங்க," என்றார் ஞானாபரணம்.

அரங்கசாமி எழுந்தார். மடிப்புக் கலையாத வேட்டியின் பின்பக்கத்தில் பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம். அவர் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. திரும்பாமல், முகத்தை இவர்கள் பக்கமே வைத்துக்கொண்டு, பின்னால் நடந்தே வாசல்வரை போனார். "அப்ப வாரனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

"ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க," என்றாள் சாராள். "எத்தனை பெரிய மனசு."

"அதான் சாரா பயமா இருக்குது. திட்டிப்போட்டாக்கூடத் தேவலை."

தொட்டியைக் கையூமிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று ஞானாபரணம் அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டார். சொன்னபோது சாராள் தொட்டிப் பக்கம் திரும்பினாள். பிறகு, "டாக்டர் என்ன சொல்லுவாரோ" என்றாள். டாக்டரைப் பற்றி அவள் நினைக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் கையூம் ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். ஏஞ்சல்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றடைத்துக் கட்டினார். பெரியவருக்கு மூடி போட்ட வாளி. வலையைப் பார்த்ததும் பெரியவர் மூலைக்கு ஒதுங்கினார். கையூம் மூன்று தடவை முயன்றார், முடியவில்லை. சாராள்தான் வந்து தண்ணீரில் கைவிட்டாள். விரலைத் தேடி வந்த மீனை அப்படியே உள்ளங்கையில் ஏந்தி வாளிக்கு மாற்றினாள்.

"அம்மா, இவரை நான் யாருக்கும் கொடுக்க மாட்டனுங்க," என்றார் கையூம். "கடையில முன்னால வெச்சிருப்பேன். உக்கடம் பக்கம் வந்தா வந்து பாருங்க."

"எங்களை ஞாபகம் இருக்குமுங்களா அவருக்கு?"

"நமக்கு மறந்தாலும் இந்த ஜாதி மீனுக்கு மறக்காதுங்கம்மா."

தொட்டியும் ஸ்டாண்டும் ஒன்பது ஜாயிண்டும் ஆட்டோவில் ஏறின. ஹால் மூலை காலியாகிவிட்டது. ஞானாபரணம் ஈரத் துணியால் சாக்பீஸ் வட்டங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். சாராள் சமையலறையில் பாத்திரங்களை வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். சாயங்காலம் பழக்க தோஷத்தில் மூலைவரை போய், விரலை நீட்டப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தரை காய்ந்து கிடந்தது. மனசு மட்டும் காயவில்லை. சர்ச்சில் பாதிரியார், மறைத்து வைக்கிற குற்றம் எலும்புக்குள் இருந்து உருக்கும் என்று பிரசங்கம் செய்தார். பேசி முடிக்கும்வரை அவர் தன்னையே பார்த்த மாதிரி ஞானாபரணத்துக்கு இருந்தது. வீடு திரும்பியவர் மாடிப்படி ஏறவில்லை. சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, சாராளையும் கூட்டிக்கொண்டு கீழ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அரங்கசாமி ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"வாங்க, வாங்க. எங்க ஊட்டுக்காரி காலையில பஸ்ஸுல வந்துட்டாளுங்க. பேத்தி பொறந்திருக்குது. ஒப்புட்டுச் சுட்டுட்டு இருக்கறா."

சாராள் சந்தோஷம் சொன்னாள். ஞானாபரணம் உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமுங்க. ரெண்டு மாசமா மறைச்சுப்போட்டேன். எங்க மீன் தொட்டி ஒழுகிட்டு இருந்துச்சுங்க. தரையில தண்ணி எறங்கி உங்க தளம் வீணாப் போயிருக்கும். நீங்க ரெண்டு தடவை வந்து ஜாடையாக் கேட்டீங்க. நான் வாயைத் தெறக்கலை. உங்க வேட்டி நனைஞ்சப்பக்கூட நீங்க ஒண்ணும் சொல்லலை. அன்னிக்கு நான் தூங்கலைங்க."

அரங்கசாமி பேப்பரை மடித்தார். நான்காக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"தொட்டியை நேத்தே குடுத்தனுப்பிட்டமுங்க," என்றார் ஞானாபரணம். "இனிமேல் ஒரு சொட்டு எறங்காது. உங்க ஹால் மேற்தளத்துக்கு நானே வெள்ளையடிச்சுத் தர்றேன். எங்களைக் காலி பண்ணச் சொல்லாம இருந்தாப் போதுமுங்க."

அரங்கசாமி வெகுநேரம் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு தினுசான களை வந்திருந்தது.

"தப்பு பண்றது மனுச சுபாவமுங்க ஞானம் சார். அதை வந்து ஒத்துக்கறதுக்குத்தானுங்க தைரியம் வேணும். நான் அதையெல்லாம் பெரிசா எடுத்துக்கலை. ஊடு கட்டுனவனுக்குத்தான் ஒழுகலோட வலி தெரியும், ஆனா போகட்டும். காலி பண்ற பேச்சே வேண்டாமுங்க."

ஞானாபரணத்துக்குக் கண் கலங்கியது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. அரங்கசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்லீங்க" என்றார். சாராளும் மூக்கை உறிஞ்சினாள்.

"வெள்ளையடிக்கறதெல்லாம் உங்க இஷ்டமுங்க," என்றார் அரங்கசாமி அடக்கமாக. "இந்த வாரமே அடிக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்."

சமையலறைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு முத்தாத்தாள் வந்தார். ஒரு கையில் ஒப்புட்டுப் போளி அடுக்கிய தட்டு, மறுகையில் காபி. பேச்சில் பாதி காதில் விழுந்திருந்தது போலும். தட்டை ஞானாபரணத்தின் கையில் கொடுத்துவிட்டு, கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, மேல் டேங்க் நெறைஞ்சா அந்த மாடி ஹால் செவுத்துக்குள்ள போற பைப்பு ஒழுகுதே, இன்னுமா நீங்க அதுக்கு ஆளைக் கூப்புடலை? முன்னாடி குடியிருந்த வாத்தியாரும் பாவம், ஃபிரிட்ஜுதான் ஒழுகுதுன்னு அதை வித்துப்போட்டில்ல போனாரு."